சொல்லாமல் கிளம்பிய கார்

அக்கா போய்ச் சேர்ந்து அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது, அத்தான் இனி மகள் வீட்டோடு இருந்துகொள்வது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தது மகள். அத்தான் தலையாட்டினார். தனியாக இருந்தால் அடுப்பை அணைக்க மறந்துவிடுவார், மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வார் என்று அவள் போனில் அடுக்கிக்கொண்டே போனாள். வாழ்க்கை முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, பத்து மாடிக் குழிக்குள் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியும் கை தவறாத மனிதர், "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விமானத்தில் போயிருக்கலாம். காரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

அது பழைய மின்சாரக் கார். அந்த வகைக் கார்கள் தெருவுக்கு வந்த புதிதில் வாங்கியது, கடுகு மஞ்சள் நிறம். வாங்கியபோது ஒரு சார்ஜில் ஓடிய தூரத்தில் இப்போது பாதிதான் ஓடும். "எனக்கு மூட்டு, அதுக்கு பேட்டரி. ரெண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போகணும், மாப்ள" என்பார். அதைவிடப் பெரிய தொல்லை அதன் சார்ஜ் வாய். இப்போது வரும் கார்களுக்கெல்லாம் வேறு வடிவப் பிளக். புதிதாக நடுகிற சார்ஜ் கம்பங்களில் எங்கள் காருக்குப் பொருந்துகிற வயரே கிடையாது. நெடுஞ்சாலையில் நாலு நிலையம் தாண்டினால் ஒன்றில், குப்பைத் தொட்டிப் பக்கமாக, ஒரே ஒரு பழைய கம்பம் நிற்கும். அதைத் தேடித் தேடித்தான் போக வேண்டும்.

"அப்பா தனியா அவ்வளவு தூரம் ஓட்ட வேணாம், நீ கூட வா மாமா" என்றாள் அக்கா மகள். நான் பல் செட் செய்கிறவன். கிளினிக்கிலிருந்து வருகிற அச்சை வைத்து, ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிறேன் என்று அக்கா கேலி செய்வாள். பட்டறையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவள் கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். அத்தானிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

அக்கா இறந்தது அந்தக் காரில்தான். மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இருவரும் திரும்பி வந்தபோது, முன்சீட்டில் உட்கார்ந்தபடியே. மாரடைப்பு. வழியில் இருந்த ஊரின் ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனேன். அங்கே டாக்டர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை அதன் பிறகு என்னை விடவே இல்லை. "கொண்டு வரும்போதே உயிர் போய் ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு." ரொம்ப நேரம் என்றால்? பக்கத்தில் பெண்டாட்டி செத்திருப்பது தெரியாமல் ஒரு மனுஷனால் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? தெரிந்தேதான் ஓட்டினாரா? பட்டறையில் மெழுகைச் சுரண்டும்போது, குளிக்கும்போது, சாப்பிடும்போது எல்லாம் அதுவே மனதில் ஓடும். துக்க வீட்டில் கேட்க முடியவில்லை. அப்புறம் கேட்கவும் வாய் வரவில்லை. நீண்ட பயணம், இரண்டே பேர். எங்கேயாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கிளம்பிய காலையில் முன்கதவைத் திறந்தேன். சீட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். கை கதவைத் திறந்துவிட்டது, கால் ஏறவில்லை. மூடிவிட்டு, பின்சீட்டில் பெட்டிகளுக்கும் அக்காவின் தையல் மெஷினுக்கும் நடுவே என்னைத் திணித்துக்கொண்டேன். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

ஹீட்டர் போடுகிற பேச்சே இல்லை. போட்டால் பேட்டரியைக் குடித்துவிடும். இருவரும் கோட்டு, மஃப்ளர், கையுறை என்று மூட்டையாக உட்கார்ந்திருந்தோம். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும். அத்தான் ஒரு துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். பின்னாலிருந்து நானும் என் பங்குக்கு ஜன்னலைத் துடைப்பேன். வேகமாகப் போனாலும் சார்ஜ் போய்விடும் என்பதால் லாரிகளோடு லாரியாக ஊர்ந்தோம். சைக்கிள்தான் எங்களைத் தாண்டிப் போகவில்லை.

முதல் நிறுத்தம், அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். அத்தான் காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி வயரைச் செருகினார். பாதிக்கு மேல் ஏறியதும் கிளம்பிவிடுவதுதான் அவர் வழக்கம். கடைசிக் கால்வாசி, அடைத்த குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரிதான் ஏறும், அதற்காகக் காத்திருப்பது நேர விரயம் என்று அவரே எத்தனையோ தடவை எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அன்று அசையவே இல்லை. முழுக்க நிரம்பட்டும் என்று உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின் வந்த இரண்டு கார்கள் நிரப்பிக்கொண்டு போய்விட்டன.

"போதுமே அத்தான். அடுத்தது கணவாய்ல இருக்குல்ல?"

"இருக்கட்டும். நெறைஞ்சா நல்லதுதானே" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மலை ஏறத் தொடங்கினோம். மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு அத்தான் ஓட்டினார். ரேடியோவை அணைத்தார். முன்விளக்கைத் தவிர எதையெல்லாம் அணைக்க முடியுமோ அதையெல்லாம் அணைத்தார். ஏற்றம் ஏற ஏற, மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டுகிற அந்த மீட்டருக்கு அவர் வைத்த பெயர் 'புளுகுணி'.

கணவாய் நிலையத்துக்கான பலகை பனிக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, அவர் அதைப் பார்க்காத மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அங்கே நிற்காமல் தாண்டிவிடப் பார்க்கிறார்.

"அத்தான், நிறுத்தணும்ல?"

"வேணாம். உச்சியத் தாண்டிட்டா அப்புறம் எறக்கம். எறக்கத்துல தானா சார்ஜ் ஏறும்."

"உச்சி வரைக்கும் பத்தாதே. மீட்டரப் பாருங்க."

"அது புளுகுது."

"எப்பவும் கூட்டித்தானே புளுகும்? கொறைச்சா புளுகும்?"

அடுத்த வளைவில் மீட்டருக்குப் பக்கத்தில் ஆமை விளக்கு எரிந்தது. இனி வண்டி தவழத்தான் செய்யும் என்பதற்கு அடையாளம். மிதித்தாலும் கார் அசைந்து கொடுக்கவில்லை. பின்னால் ஒரு பேருந்து பனியே கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தது. அத்தானின் கையுறைக் கைகள் ஸ்டியரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தன.

"புதுக் காரா இருந்தா தாண்டிப் போயிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். பிறகு மூச்சை விட்டுவிட்டு, நிலையத்துக்குப் பிரியும் பாதையில் திருப்பினார்.

ஒரு நீளமான தாழ்ந்த கட்டடம். ஒரு பக்கம் கேன்டீன், மறு பக்கம் கழிப்பறைகள். முற்றத்தில் வரிசையாகப் புதிய கம்பங்கள். கோடியில், வழக்கம் போலக் குப்பைத் தொட்டி ஓரத்தில், பழைய கம்பம். எங்கள் காருக்கு வேறு இடமே கிடையாது. அத்தான் இறங்கி, வயரை எடுத்துச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப வந்து ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அடியில் உறுமத் தொடங்கியது.

"இங்கதான் மாப்ள" என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்க நினைத்தது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கும் இதே எடம்தான். இதே குளிர். சார்ஜ் போட்டுட்டு, காபி வாங்கிட்டு வரேன்னு உள்ள போனேன். கூட்டம். வர நேரமாயிடுச்சு. வந்து பார்த்தா உங்கக்கா ஜன்னல்ல தலைய சாய்ச்சு, சால்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு தூங்கறா. எழுப்ப மனசில்ல. ரெண்டு காபியையும் நானே குடிச்சேன். சார்ஜ் ஆயிடுச்சு, கெளம்பிட்டேன்."

கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகப் பனி.

"கீழ எறங்கறப்ப பேச்சுக் குடுத்தேன். அவ தூங்கினாலும் பாதி காது தெறந்துதான் இருக்கும், ஒனக்குத்தான் தெரியுமே. பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்காளே, அவளோடயே போய் இருந்துடலாமான்னு கேட்டேன். அங்க இருந்த அத்தன நாளும் இந்தப் பேச்ச எடுத்தாலே வள்ளுன்னு விழுவா. அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. சரி, மனசு எறங்கிட்டாடான்னு நெனச்சேன். வீட்ட என்ன பண்றது, மெஷின எங்க வைக்கிறது, அங்க ஒனக்குன்னு தனியா ஒரு ரூம் கேட்டு வாங்கித் தரேன், எல்லாம் சொன்னேன். வழி நெடுக நான் மட்டும்தான் பேசினேன். அவ எதிர்த்து ஒரு வார்த்த சொல்லல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணமானதுலேர்ந்து மொத தடவ, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தா."

"அத்தான்..."

"கையப் புடிச்சேன் மாப்ள. சில்லுன்னு இருந்துச்சு. ஹீட்டர் இல்லல்ல, அதான்னு நெனச்சேன். என் கையும் அப்படித்தான் இருந்துச்சு." அவர் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. பழுதான லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று சொல்கிற குரல். "அந்த ஊருக்குப் போய் வயரச் செருகிட்டுத்தான் எழுப்பினேன்."

மாதக்கணக்கில் நான் சுமந்துகொண்டிருந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. என் மனம் லேசாகவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றார். "அவ கேட்டாளா, கேக்கலியா. கேட்டுட்டு சரின்னு இருந்தாளா, இல்ல நான் கேக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாளா. சரின்னுட்டான்னு நெனச்சுத்தான் இப்ப வீட்டப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

அதற்கு மேல் அந்தக் காருக்குள் என்னால் உட்கார முடியவில்லை. காபி வாங்கி வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உணர்ந்தேன். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். "சீக்கிரம் வந்துடு" என்றார்.

கேன்டீனில் இரண்டு லாரி டிரைவர்களைத் தவிர யாரும் இல்லை. கல்லாவில் என் வயதுப் பெண்மணி ஒருத்தி, கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

"அந்த மஞ்சக் கார் உங்களோடதா?"

"எங்க அத்தானோடது."

"கொஞ்சம் வயசானவர்தானே? மஃப்ளர் போட்டுக்கிட்டு, மெதுவா நடப்பாரு?" அவள் முகம் இறுகியது. "நல்ல மனுஷன் போங்க! பொண்டாட்டிய இங்க விட்டுட்டு அவர் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. போன குளிர்ல. மறந்தே இருக்கமாட்டேன்."

"யார விட்டுட்டு?" என்றேன்.

"அவர் காபி வாங்கிட்டுப் போனாரு. கார் கெளம்பிப் போனத நானே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா உள்ள வராங்க. பச்ச ஸ்வெட்டர். கால்ல ஒண்ணுமில்ல, வெறுங்காலு, அந்தக் குளிர்ல! 'அவர் இங்க இருக்காரா?'ன்னு கேட்டாங்க. இப்பத்தாம்மா கார் போச்சுன்னேன். 'எங்கிட்ட சொல்லாமயா?'ன்னாங்க. அவ்வளவுதான். கோவமா எல்லாம் இல்ல. அதிசயமா இருக்குங்கற மாதிரி. அதோ அந்த ஜன்னல் மேசைல போய் உட்கார்ந்தாங்க. சூடா ஏதாவது குடுக்கலாம்னு உள்ள போயிட்டு வந்து பார்க்கறேன், ஆளக் காணோம். வெளிய ஓடினேன். டாய்லெட்ல எல்லாம் தேடினேன். யாராவது ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா இன்னிக்கு வரைக்கும் மஞ்சக் கார் வந்தா எட்டிப் பார்ப்பேன்."

அக்காவுக்குக் காரில் ஏறியதும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து சீட்டில் வைத்துக்கொள்கிற பழக்கம். ஆஸ்பத்திரி வாசலில், முன்சீட்டுக்கு அடியிலிருந்து அந்த ஷூக்களை எடுத்துப் பையில் போட்டவன் நான். பச்சை ஸ்வெட்டரை நர்ஸ் மடித்து என் கையில்தான் கொடுத்தாள். அதைப் பற்றியெல்லாம் இந்தப் பெண்மணியிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

"அவங்க..." என்று ஆரம்பித்தேன். "வீட்டுக்கு வந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபியைக்கூட எடுக்காமல் திரும்பினேன். அத்தானிடம் எதுவும் சொல்லக்கூடாது, சார்ஜ் ஏறியவரை போதும் என்று கிளப்பிவிட வேண்டும். இதுதான் நினைப்பு. ஆனால் அந்தப் பெண்மணிக்கு ஆறவில்லை. ஏப்ரனோடு என் பின்னாலேயே வந்து, என்னை முந்திக்கொண்டு போய்க் கார் ஜன்னலைத் தட்டிவிட்டாள்.

அத்தான் கண்ணாடியை இறக்கினார்.

"ஏங்க, அந்தம்மா அன்னிக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தாங்க? கேக்காம என்னால இருக்க முடியல."

"எந்தம்மா?"

அவள் சொன்னாள். என்னிடம் சொன்னதையே, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். நான் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நின்று, தடுக்கவும் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 'எங்கிட்ட சொல்லாமயா' என்ற இடத்தில் மட்டும் அத்தான் கண்களை மூடினார்.

அவள் முடித்ததும், "எந்த மேசை?" என்று கேட்டார்.

பிறகு மெதுவாக இறங்கி, மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, கேன்டீனுக்குள் போனார். அந்தப் பெண்மணி கூடவே போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "அந்த மேசைல யாரும் ரொம்ப நேரம் உட்கார மாட்டேங்கறாங்க. குளிருதுங்கறாங்க. ஜன்னல் சரியா மூடலியோன்னு ஆள் விட்டு ரெண்டு தடவ பார்த்தோம்" என்றாள்.

வெளியிலிருந்து ஜன்னல் வழியாக அத்தானைப் பார்த்தேன். இரண்டு காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு உதடு அசைந்தது. கையை விரித்தார், நெற்றியைத் தேய்த்தார். எதிரே இருப்பவர் பேச இடம் கொடுப்பது போல நிறுத்தினார். வீட்டில் எத்தனையோ சாயங்காலம் நான் பார்த்திருக்கிறேன் அந்தச் சண்டையை. அக்கா பொரிந்து தள்ளுவாள், இவர் இப்படித்தான் ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எதிரே இருந்தது காலி நாற்காலி. அதை நான் நன்றாகவே பார்த்தேன். ஆனாலும் உற்றுப் பார்க்கத் துணிச்சல் வராமல், கடைசியில் என் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. முகம் மட்டும், வேலை முடிந்து குழியிலிருந்து மேலே ஏறி வந்தவனின் முகமாக இருந்தது.

"அவ கேக்கல மாப்ள. அப்பவே போயிட்டா. நான் காத்தோடதான் பேசியிருக்கேன்."

"இப்ப என்ன பண்றது அத்தான்?"

"வீட்டுக்குப் போலாங்கறா."

யார் என்று நான் கேட்கவில்லை. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை, குளிர் வேறு, அதனால்தான் எல்லாம் இப்படித் தோன்றுகிறது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அத்தான் வயரைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, காரைச் சுற்றி வந்து முன்கதவைத் திறந்தார். திறந்து பிடித்தபடி நின்றார். ஒரு ஆள் குனிந்து ஏறி, காலை மடித்து, சால்வையை இழுத்துவிட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். அப்புறம் கதவை மெதுவாகச் சாத்தினார். பின்சீட்டில் ஏறிய நான் முழங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முன்னால் இருப்பவருக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று கால் தானாகவே அப்படிச் செய்தது.

அந்தப் பெண்மணி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையசைக்கவில்லை.

கார் முற்றத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும், பீப் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. பேட்டரிதான் காலை வாருகிறது என்று பதறி எட்டிப் பார்த்தேன். மீட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்தில், பெல்ட் போட்ட மனிதனின் சின்னச் சிவப்புப் படம் விட்டு விட்டு எரிந்தது. முன்சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் சொல்லிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்த சீட் காலியாகத்தான் வந்தது. ஒரு தடவைகூட அது வாய் திறக்கவில்லை.

அத்தான் ஓரமாக நிறுத்தினார். சாய்ந்து, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, காலி சீட்டுக்குக் குறுக்காகக் கொண்டுவந்து மாட்டினார். சத்தம் நின்றது.

"எப்பவும் மறந்துடுவா" என்றார்.

கதவைத் திறந்து இறங்கிப் பனிக்குள் ஓடிவிடலாமா என்று நிஜமாகவே தோன்றியது. முன்னால் இருந்தால் அது என் கூடப் பிறந்தவள், எனக்குச் சோறு ஊட்டியவள் என்று நினைத்துக்கொண்டேன். பயம் அதற்கெல்லாம் அடங்கவில்லை. சீட்டின் முதுகைப் பார்க்காமல், மலைச்சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தான் வழியெல்லாம் தானாக ஒரு பேச்சும் எடுக்கவில்லை. தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். சில இடங்களில் "ம்" கொட்டினார். ஒரு இடத்தில், "சரி, சரி, விடு" என்றார். எனக்குக் கேட்டதெல்லாம் டயர் ஓசையும் பேட்டரி விசிறியும்தான். இறக்கத்தில் மீட்டர் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி ஊரில் இந்தத் தடவை பாதி ஏறியதுமே கிளம்பிவிட்டோம். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் சுற்றி வந்து முன்கதவைத் திறந்து, பெல்ட்டை விடுவித்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அதன் பிறகுதான் சாவியை எடுத்து வீட்டைத் திறந்தார்.

மகள் போனில் கத்தினாள். அடுத்த வாரமே விமானத்தில் வந்து இறங்கினாள். வந்தவள் முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குத்தான் புத்தி பிசகிடுச்சுன்னா ஒனக்கு என்ன மாமா? கூட்டிட்டு வான்னு அனுப்பினா, நீயும் சேர்ந்து திரும்பி வந்திருக்க!"

நடந்ததைச் சொன்னேன். கேன்டீன், வெறுங்கால், பெல்ட் எல்லாம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. சென்ஸார் கெட்டிருக்கும் என்றாள். அந்தப் பெண்மணி வேறு யாரையோ பார்த்துவிட்டு உளறியிருப்பாள் என்றாள். அப்படியும் இருக்கலாம்தான். நான் வாதாடவில்லை.

அவள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். என்ன பார்த்தாள், என்ன கேட்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்னால் பட்டறைக்கு வந்து, நான் பற்களுக்கு மெருகேற்றுவதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வர இஷ்டமில்லன்னு அம்மா எங்கிட்ட ஒரு தடவகூட சொல்லல மாமா."

"ஒங்கிட்ட எப்படிடா சொல்லுவா? நீ ஆசையா கூப்பிடற. அதான் பூராத்தையும் அப்பா தலையில கொட்டியிருக்கா."

அவள் அழுதாள். நான் மெஷினை நிறுத்தாமல் அழ விட்டேன், சத்தம் வெளியே கேட்காமலிருக்க. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா இங்கேயே இருக்கட்டும், நீ தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் போகிறேன். அத்தான் அடுப்பை மறக்காமல் அணைக்கிறார், மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறார். அடுத்த அறையில் பேச்சுக்குரல் கேட்டால் வாசலிலேயே கனைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மகள் அடிக்கடி எனக்குப் போன் செய்து விசாரிப்பாள். போன வாரமும் செய்தாள். அப்பா சாப்பிடுகிறாரா, மூட்டுவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகிற அவசரத்தில், "அம்மா எப்படி இருக்கா?" என்றாள்.

தவறிச் சொல்லிவிட்டேன் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நல்லா இருக்கா" என்றேன்.